நொரிச்சுக்கு ஐம்பத்து மூன்று நிமிடம்

சவுத்எண்ட் விமான நிலையத்தில் இருந்து நொரிச் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் எழுபது கடல் மைல். தரைவழியே நூறு மைலுக்குச் சற்று அதிகம். இரண்டுமே சின்ன விமான நிலையங்கள். ஒன்று தேம்ஸ் ஆறு கடலோடு சேருகிற பக்கத்தில், மற்றது வடக்கே வயல்களுக்கு நடுவில். இந்தத் தூரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் மாதக்கணக்காக வாக்குவாதம் நடந்தது. "கார்ல ரெண்டேகால் மணித்தியாலம். ரோட்டு சும்மா கிடந்தால் ரெண்டு," என்பார் என் கணவர். அவர் மினிகாப் வாடகைக் கார் ஓட்டுபவர். எந்த ரோட்டில் எந்த நேரம் எவ்வளவு நெரிசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "நாப்பத்து நாலு நிமிசம்," என்பேன் நான். நான் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பது எனக்குப் பழகிப்போனது. 2009இல் எனக்கு முப்பத்தொன்பது வயது. இல்ஃபோர்டில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ட்யூஷன் வகுப்பு நடத்தினேன். பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினொரு வயதில் வரும் கிராமர் ஸ்கூல் நுழைவுப் பரீட்சைக்குத் தயாராக்குவதுதான் என் தொழில். ஒரு ரயில் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் புறப்படுகிறது, இன்னொரு ரயில் எதிரே வருகிறது, எப்போது சந்திக்கும் என்கிற கணக்கை நான் எத்தனை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. விடையில் 'மைல்' என்று எழுத மறந்த பிள்ளைக்கு என்னிடம் மன்னிப்புக் கிடையாது. பொல்லாத டீச்சர் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

முந்தைய வருடம், பரீட்சையில் தேறிய ஒரு பிள்ளையின் தாய் தகப்பன் எனக்கு ஒரு கடித உறை தந்தார்கள். ஏதோ கடை வவுச்சர் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால், சவுத்எண்டில் சின்ன விமானத்தில் அரை மணி நேரப் பறப்புப் பாடம். பார்த்ததும் திரும்ப உறைக்குள் போட்டு மூடினேன்.

விமானச் சத்தம் எங்கள் தலைமுறைக்கு என்ன என்று இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றப் பாதிக்குச் சொல்கிறேன். அது கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடவேண்டும். யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடக் காலத்தின் பிற்பகுதி அப்படித்தான் போனது. என் கணவருக்கு அதைவிட மோசம். ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக் கூரையும் முற்றத்து மாமரமும் இல்லாமல் போயின. ஆட்கள் தப்பியது அதிர்ஷ்டம். பிறகு ஜெர்மனியில் ஏழு வருடம், அதன்பின் லண்டன். இவ்வளவு காலம் ஆகியும் ஒரு விமானம் தாழப் பறந்தால் அவருடைய தோள்கள் தானாகக் குனியும். தெருவில் நின்றால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒருமுறை அப்படி நுழைந்தது பெண்களின் முடி அலங்காரக் கடை. பயணியாக அவர் பறந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டால் அது பஸ் மாதிரி என்பார். கீழே நின்று மேலே வருகிற சத்தத்தைக் கேட்பதுதான் அவரால் ஏலாதது.

அந்த அரை மணி நேரப் பாடத்துக்கு நான் வீம்புக்குத்தான் போனேன். பயத்தோடு ஏறினேன். இயந்திரம் முழு வேகத்தில் அலறியபோது என் கால்கள் ஓடப் பார்த்தன. ஓட இடமில்லை. இடுப்புப் பட்டி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஓடுபாதையை விட்டு எழும்பிச் சற்று நேரத்தில் பயிற்றுனர், "இப்போது நீங்கள் பிடியுங்கள்," என்று கையை எடுத்துவிட்டார். பிடித்தேன். சத்தம் அப்படியே இருந்தது, பயம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. அந்தச் சத்தம் என் கையில் இருந்தது. நான் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. இறங்கியதும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த பாடம் எப்போது என்று கேட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே?"

"ஓம், பைத்தியம்தான்," என்றேன்.

மூன்றாம் நாள் அவரே வந்து ஒரு ஒப்பந்தம் போட்டார். "ஒரு வருசம் பொறுக்கிறன். அடுத்த ஒக்டோபர் முடியமுதல் அந்தப் பெரிய தனிப்பறப்பை முடிச்சுப்போடும். ஏலாட்டி விட்டிடவேணும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் உயிரோட செத்துக்கொண்டிருக்க ஏலாது."

அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பயம் பொய்யில்லை. பெரிய தனிப்பறப்பு என்றால் இதுதான்: பயிற்றுனர் இல்லாமல் தனியாக நூற்றைம்பது கடல் மைலுக்குக் குறையாமல் பறக்கவேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி, இறங்கியது ஒழுங்குதான் என்று அங்கே கையெழுத்து வாங்கிவரவேண்டும். அது முடிந்தால் மிச்சம் இருப்பது கடைசிச் சோதனை மட்டும். என் பாதை சவுத்எண்டில் இருந்து நொரிச், அங்கிருந்து கேம்பிரிட்ஜ், திரும்பச் சவுத்எண்ட். வரைபடத்தில் கறுப்புப் பேனாவால் முக்கோணம் கீறி எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். அதன்மேல் தட்டு வைக்கக்கூடாது என்று சட்டமும் போட்டேன். கணவர் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

செப்டெம்பர் தொடக்கத்தில் என் முறை வந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காலையில் நான் வெளிக்கிட, கணவர் வாசலில் நின்று, "கன தூரமோ?" என்றார்.

"இல்லை, உதில கிட்டத்தான்," என்றேன்.

இதை விளக்கவேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம், வெளிக்கிட்டு நிற்கிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டே ஆகவேண்டும் என்றால் கன தூரமோ என்று கேட்கலாம். போகிறவரும் இடத்தைச் சொல்வதில்லை. கிட்டத்தான், இந்தா வந்திடுவன் என்று மழுப்பிவிட்டுப் போவார். என் கணவர் நாள் முழுக்க எங்கே போகவேண்டும் என்று கேட்டுப் பிழைக்கிற மனுசன். ஆனால் வீட்டு வாசலில் அந்தக் கேள்வி அவர் வாயில் இருந்து வந்ததே இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பௌதிகம் படித்தேன், கணிதம் படிப்பிக்கிறேன், இதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டும் திரிகிறேன். நாக்கு நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பறக்கும் கழகத்தில் புறப்படுமுன் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். எந்த விமானம், எத்தனை ஆட்கள், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள், எங்கே போகிறது. அதுவரை இதையெல்லாம் பயிற்றுனரே எழுதுவார், வானொலியில் முதல் பேச்சையும் அவரே பேசுவார். தனியாகப் போகிறவர் தானே எழுதவேண்டும். நான் எல்லாவற்றையும் வடிவாக எழுதிவிட்டு, எங்கே என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். விட்டது எனக்கே தெரியாது. மேசையில் இருந்த பெண், "எங்கே?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு, "அதிக தூரமில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அவள் பகிடி என்று நினைத்துத் தானே நொரிச் என்று எழுதிக்கொண்டாள்.

விமானத்தில் ஏறி, எல்லாம் சரிபார்த்து, வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டேன். பெயர் சொன்னேன், நிற்கும் இடம் சொன்னேன். போகும் இடம் எது என்று கோபுரம் கேட்டது. நொரிச் என்ற சொல் வாய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. வெளிக்கிட்டு நிற்கிறேன், முன்னால் ஓடுபாதை கிடக்கிறது, இடத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று நாக்கு நினைக்கிறது. கோபுரம் இரண்டாம் தரம் கேட்டது. மூன்றாம் தரமும் கேட்டது. பிறகு, திரும்பிவந்து நிறுத்தும்படி சொன்னது.

என் பயிற்றுனருக்கு இருபத்து நாலு வயது. நான் முதன்முதலில் ட்யூஷன் கொடுத்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். முகத்தில் இன்னும் பரு. அவன் கையைக் கட்டிக்கொண்டு, போகிற இடம் தெரியாத ஆளைத் தனியாக அனுப்பமுடியாது என்றான். எனக்கு வந்த கோபத்தில் அரை மணி நேரம் அவனோடு மல்லுக்கட்டினேன். இடம் தெரியும், தூரம் தெரியும், நிமிடம் தெரியும், கேள் என்றேன். கேட்டான், எல்லாம் சொன்னேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்றான். வழக்கத்தை விளக்கினேன். இருபத்து நாலு வயதுப் பையனுக்கு முன்னால் அதை ஆங்கிலத்தில் விளக்குவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அமைதியாக ஒன்றுதான் சொன்னான். "நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று சொல்லாவிட்டால், வராமல் போனால் எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது."

அந்த வருடம் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் பேசினவர்கள் எல்லாரும் போர் முடிந்த வன்னியில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக எங்கே போனார்கள் என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. அதற்கு ஒருவரிடமும் விடை இருக்கவில்லை. காருக்குள் வந்து இருந்து கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதேன். தோற்றதற்காக இல்லை.

அடுத்த நாளே பழக ஆரம்பித்தேன். நான் ஒரு டீச்சர். வராததை வரவழைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும், வேறு வழி இல்லை. பாலும் பாணும் வாங்கப் போகும்போது வாசலில் நின்று, "நான் இப்ப கடைக்குப் போறன். ஒரு ஆள். நடந்து எட்டு நிமிசம். இருபது நிமிசத்தில திரும்புவன்," என்று உரத்துச் சொன்னேன். கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இஞ்சாரும், வாயை வைச்சுக்கொண்டு சும்மா போட்டு வாரும்!"

"இல்லை. கேளுங்கோ. நான் வராட்டி எங்க தேடுவீங்கள்?"

"கடைக்குப் போன ஆளை ஏனப்பா நான் தேடவேணும்?"

விடவில்லை. வகுப்புக்கு, வங்கிக்கு, பல் வைத்தியரிடம், பிளேஸ்டோவில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இடம், தூரம், நேரம். முதல் ஒரு கிழமை ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடையில் பால் முடிந்திருந்தால்கூட, சொல்லிவிட்டு வந்ததால்தான் என்று மனம் சொன்னது. இரண்டாம் கிழமை பல் வைத்தியர் ஒரு சூத்தைப் பல்லைக் கண்டுபிடித்தார். கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்றாம் கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. சொன்ன இடத்துக்குப் போய் சொன்ன நேரத்துக்கு வந்தேன்.

நாக்கு திருந்தியது. வானம் கெட்டது. செப்டெம்பர் கடைசியில் இருந்து மழை, முகில், காற்று, திரும்ப மழை. சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. தீபாவளியும் போனது. நாட்காட்டியில் ஒக்டோபருக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம் இருந்தது. கணவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வெற்றி அவருக்குத் தானாகக் கிடைக்கப் போகிறதே என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய தேத்தண்ணிக்கு வேண்டுமென்றே சீனி போடாமல் விட்டேன்.

சனிக்கிழமை விடிய யன்னலைத் திறந்தேன். முகில் உயரத்தில் இருந்தது. குளிர்ந்த காற்று. பறக்கலாம். ஏழரை மணிக்கு வாசலில் நின்று சொன்னேன். "நான் போறன். சவுத்எண்டில இருந்து நொரிச். பிறகு கேம்பிரிட்ஜ். பின்னேரம் நாலரைக்கு முதல் வீட்டில நிப்பன்." இந்தத் தடவை அவர் காதைப் பொத்தவில்லை. சப்பாத்தையே பார்த்துக்கொண்டு, "சரி, போட்டு வாரும்," என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் போனேன்.

சவுத்எண்டில் கடற்பக்கமாக ஒரு புகார், அதாவது மூடுபனி, படர்ந்து கிடந்தது. மேலே நல்ல வானம், கீழே பால். எட்டரையில் இருந்து பதினொரு மணிவரை கழகத்து யன்னலோரத்தில் நின்று அந்தப் புகாரைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த நல்ல தமிழ் வசவுகள் எல்லாம் அன்று செலவாகிவிட்டன. பதினொன்றுக்குப் புகார் விலகியது. புத்தகத்தில் எங்கே என்ற கட்டத்தை முதலில் நிரப்பினேன், மற்றதெல்லாம் பிறகு. கோபுரத்தை அழைத்து, அது கேட்க முன்னரே, "நொரிச்!" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. கோபுரத்தில் இருந்தவர் மெல்லச் சிரித்தபடி, விளங்கியது என்றார்.

பதினொன்று ஐந்துக்குச் சக்கரம் தரையை விட்டது. பக்கத்து ஆசனம் காலியாக இருந்தது. முழங்காலில் கட்டிய பலகையில் என் கணக்கு: ஐந்தாம் நிமிடம் ஆற்று முகம், பத்தாம் நிமிடம் ஒரு பெரிய நீர்த்தேக்கம், பதின்மூன்றில் கொல்செஸ்டர் பட்டணம், முப்பத்திரண்டில் டிஸ் என்ற சின்ன ஊர், நாற்பத்து நான்கில் நொரிச். மணிக்கூட்டை அழுத்திவிட்டு விமானத்தின் மூக்கை வடக்கே திருப்பினேன்.

பத்தாம் நிமிடம் வந்தது. நீர்த்தேக்கம் வரவில்லை.

கீழே வயல், வேலி, வயல். தூரத்தில் புகைமூட்டம். பதினோராம் நிமிடம். வழி தவறிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிவிடு என்று ஒரு மனம் சொன்னது. திரும்பினால் எல்லாம் முடிந்தது, நாளைக்கு நவம்பர். திசைகாட்டியைப் பார்த்தேன், சரி. உயரம் சரி. பிழைவிடாமல் பிடித்திருக்கிறேன், பிறகு எங்கே அந்தத் தண்ணீர்? பன்னிரண்டாம் நிமிடம், சரியாக மூக்குக்கு நேரே, வெள்ளித் தட்டு மாதிரி ஒன்று புகைமூட்டத்துக்குள் இருந்து வந்தது. நீர்த்தேக்கம்! ஆனந்தத்தில் கத்தினேன். கேட்க ஆள் இல்லாதது வசதியாக இருந்தது.

அப்போதுதான் டீச்சர் விழித்தாள். நான் தவறவில்லை, தாமதமாகிறேன். வடக்கே இருந்து காற்று முன்னறிவிப்பில் சொன்னதைவிடப் பலமாக எதிரே வீசுகிறது. என் வகுப்புக் கணக்குகளில் ரயில் ஓடும், கார் ஓடும், ஒருநாளும் காற்று வீசாது. பத்து நிமிடத்துத் தூரத்துக்குப் பன்னிரண்டு என்றால் நாற்பத்து நான்குக்கு எத்தனை? என் பத்து வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கணக்கு. ஐம்பத்து மூன்று. பென்சிலால் நாற்பத்து நான்கை வெட்டி ஐம்பத்து மூன்று என்று எழுதினேன். 'நிமிடம்' என்றும் எழுதினேன். நொரிச் கோபுரத்தைக் கூப்பிட்டுப் புது நேரத்தைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலைக்கனம் வருகிறது. கொல்செஸ்டர் நான் சொன்ன நிமிடத்தில் வந்தது. இப்ஸ்விச் வலப்பக்கம் மெல்லக் கடந்தது. டிஸ் முப்பத்தெட்டரையில் வரவேண்டும், வந்தது. மஞ்சளும் மண்ணிறமுமாக வயல்கள், ஊருக்கு ஊர் ஒரு தேவாலயக் கோபுரம். நான் பெருக்கிப் பிரித்த எண்கள் ஒவ்வொன்றும் ஊராகக் கீழே வந்து நின்றன. வாழ்க்கையில் எத்தனையோ இடங்களுக்கு வந்திருக்கிறேன். துரத்தப்பட்டு வந்திருக்கிறேன், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து விட வந்திருக்கிறேன், கணவர் பின்னால் வந்திருக்கிறேன். நானே கணக்குப் போட்டு, நானே ஓட்டி, சொன்ன இடத்துக்குச் சொன்ன நிமிடத்தில் போனது அதுதான் முதல் தடவை.

ஐம்பத்து மூன்றாம் நிமிடம் நொரிச் ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒரு பெரிய விமானம் இறங்கட்டும் என்று என்னை ஓரமாக ஒரு வட்டம் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். பிறகு இறங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டது தெரியாத அளவுக்கு மெத்தென்று. அந்த மாதிரி இறக்கம் என் பயிற்றுனருக்கே வராது, அதை அவனிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சொக்லட்டைக் கடித்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் ஏறினேன். கேம்பிரிட்ஜிலும் இறங்கினேன், அங்கேயும் கையெழுத்து. வீடு நோக்கிய கடைசிக் கட்டத்தில் அதே வடகாற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது. மூன்று மணிக்கு முன்னமே சவுத்எண்டில் நின்றேன். பயிற்றுனர் தாளை வாங்கி இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். கையை விட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தேன். பாவம், காது வரை சிவந்துபோனான்.

இல்ஃபோர்டுக்கு நாலேகாலுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டு இன்னொரு கோப்பை எடுத்தார். நான் இருக்கவே இல்லை, நின்றபடியே தொடங்கினேன். புகார், நீர்த்தேக்கம், பத்துக்குப் பன்னிரண்டு, ஐம்பத்து மூன்று. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் குசினிக்குள்ளேயே நொரிச்சில் இறங்கிக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லச் சொன்னார்.

"ஓம், காத்து வடக்கால தான். விறைச்சுப் போனன்."

"எங்க விறைச்சனீங்கள்?"

"நொரிச்சில. வேலியடியில."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். காலையில் நான் வெளிக்கிட்ட ஒரு மணித்தியாலத்தில் அவரும் வெளிக்கிட்டிருக்கிறார். இரண்டு மணித்தியாலம், அவர் சொன்ன அதே கணக்கு. ஓடுபாதையின் முனையில் விமானம் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்துகிற குறுகிய ஒழுங்கையில் தானும் நிறுத்தியிருக்கிறார். அவர் கணக்குப்படி பத்தரைக்கு வரவேண்டிய நான் வரவில்லை. எனக்குப் புகார், அவருக்கு அது தெரியாது.

"ஒண்டரை மணித்தியாலம். நீர் விழுந்திட்டீர் எண்டே நினைச்சிட்டன். பக்கத்தில நிண்ட ஒரு வெள்ளைக்காரன் பிளாஸ்க்கால தேத்தண்ணி ஊத்தித் தந்தவன். குடிக்க ஏலேல்லை."

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை? இறங்கி ஒரு மணித்தியாலம் அங்கதானே நிண்டனான்!"

"கூப்பிட்டால் உமக்குக் கை நடுங்கும். திரும்ப ஏறிப் போகவேணுமெல்லே. நீர் ஏறிப் போகுமட்டும் நிண்டிட்டு வந்தன்."

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அந்தச் சத்தம்?"

"பெரிய பிளேன் ரெண்டு வந்தது. ரெண்டுக்கும் காருக்குள்ள போய்க் கண்ணாடியை ஏத்திக்கொண்டு குனிஞ்சிட்டன்."

"நான் வரேக்க?"

அவர் பையில் இருந்து செல்போனை எடுத்தார். அந்தக் காலத்துப் போன், தீப்பெட்டி அளவு திரை. ஒரு வீடியோவைப் போட்டு மேசையில் வைத்தார். சாம்பல் வானம், கம்பி வேலி, ஒரு புள்ளி. புள்ளி பெருத்தது. சத்தம் முதலில் தும்பி மாதிரி, பிறகு பலத்து, குசினியை நிரப்பியது. சின்ன வயதில் எங்களை விழுந்தடித்து ஓடவைத்த அதே வகைச் சத்தம். திரையில் என் விமானத்தின் வெள்ளை வயிறு நேரே தலைக்கு மேலால் போனது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. படம் தொடக்கம் முதல் முடிவு வரை நடுங்கியது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அது நிமிர்ந்து இருந்தது. அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றேன்.

சத்தத்தைக் கூட்டிப் போட்டார்.